ஸ்டோன்ஹெஞ்சுக்குப் பிறகு எங்கே? ரெடிங்கைச் சுற்றி, கார் இல்லாமல்

கேள்வி இது: லண்டனுக்கு மேற்கே ரெடிங்கில் வேலை, கார் கிடையாது. லண்டன், ஆக்ஸ்ஃபோர்ட், பாத், ஸ்டோன்ஹெஞ்ச் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இனி இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் பழைய இடங்களைத் தேடிப் பார்க்க ஆசை. எங்கே தொடங்குவது, போனால் எதைக் கவனிப்பது என்று தெரியவில்லை. ஜூனில் அப்பா அம்மா வருகிறார்கள், அம்மாவுக்கு முழங்கால் வலி.

ரெடிங்கில் இருப்பவர் இதற்காக யார்க்‌ஷையர் வரை ஓட வேண்டியதில்லை. நான் சொல்லப்போகும் எல்லா இடங்களும் காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்குத் திரும்பக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றன. பாதிக்கு மேல் நுழைவுக் கட்டணமே கிடையாது.

இடங்களுக்கு முன்னால், கையோடு கொண்டு போக ஒரு கேள்வியைக் கொடுத்துவிடுகிறேன். எந்தப் பழைய இடத்தில் நின்றாலும், "இங்கே இருந்த கல் எங்கே போனது?" என்று கேளுங்கள். உங்கள் பக்கத்து மேட்டு நிலம் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. அது மிருதுவானது, மழைக்கும் பனிக்கும் தாங்காது. அதற்குள் கிடைக்கும் சிக்கிமுக்கிக் கல் மிகக் கெட்டி, ஆனால் முண்டும் முடிச்சுமாக இருக்கும். மூலை கட்டவோ தூண் செதுக்கவோ உதவாது. நல்ல கட்டடக் கல் தொலைவிலிருந்து படகிலும் வண்டியிலும் வரவேண்டும். அதனால் ஒரு கட்டடம் கைவிடப்பட்டால் சும்மா விடமாட்டார்கள். இந்தப் பகுதியின் வரலாற்றில் பாதி, ஒரு காலத்தார் கட்டியதை அடுத்த காலத்தார் கழற்றிக்கொண்டு போன கதைதான்.

இதைப் பழக உங்கள் ஊரே போதும். ரெடிங் மடத்தின் இடிபாடுகளை மதிய இடைவேளையில்கூடப் பார்த்துவிட்டு வரலாம், கட்டணம் இல்லை. மன்னர் முதலாம் ஹென்றி 1121இல் கிறிஸ்தவத் துறவிகளுக்காக நிறுவிய மடம். 1136இல் அவரையே அங்கேதான் புதைத்தார்கள். நாட்டின் பணக்கார மடங்களில் ஒன்றாக நானூறு ஆண்டுகள் இருந்தது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, 1539இல், கடைசி மடாதிபதி ஹ்யூ ஃபாரிங்டனை ரெடிங்கிலேயே தூக்கிலிட்டார்கள். இன்று அங்கே நிற்பவை கரடுமுரடான சிக்கிமுக்கிக் கல் பாறைகள் மாதிரி தெரியும். முதன்முறை பார்ப்பவர்கள் "அந்தக் காலத்தில் இவ்வளவு முரட்டுத்தனமாகவா கட்டினார்கள்?" என்று நினைப்பது வழக்கம். அப்படியில்லை. நீங்கள் பார்ப்பது சுவரின் வயிற்றுப் பகுதி. இழைத்த கல்லால் ஆன வெளிமுகம் முழுவதையும் உரித்து எடுத்துப் போய்விட்டார்கள்; சுண்ணாம்புச் சாந்தில் இறுகிய உள் நிரப்பு மட்டும் விலைபோகாமல் மிஞ்சியது. இந்த ஒரு விஷயம் கண்ணுக்குப் பழகிவிட்டால் அதன் பிறகு பாதி இங்கிலாந்து புரியும்.

அதே கண்ணோடு சில்செஸ்டருக்குப் போங்கள். என்னைக் கேட்டால் உங்கள் பக்கத்தில் இதற்கு இணையான இடம் வேறு இல்லை. ரெடிங்கிலிருந்து பேசிங்ஸ்டோக் போகும் ரயிலில் ஏறி மார்ட்டிமரில் இறங்குங்கள், கால் மணி நேரம்கூட ஆகாது. அந்தச் சின்ன நிலையக் கட்டடத்தை ஒரு நிமிடம் நின்று பாருங்கள்: இத்தாலிய பாணியில் ரயில்பாதைப் பொறியாளர் புருனெல் வடிவமைத்தது, 1848இல் பாதை திறந்த காலத்துச் சரக்கு. பக்கத்திலேயே ஸ்ட்ராட்ஃபீல்ட் மார்ட்டிமர் சர்ச். சர்ச் விக்டோரியா காலத்தில் புதிதாகக் கட்டியது, அதில் பெரிதாக ஒன்றுமில்லை; உள்ளே இருக்கும் ஒரு கல்தான் சமாச்சாரம். பழைய சர்ச்சை மாற்றிக் கட்டிய 1860களில் தோண்டும்போது கிடைத்த கல்லறை மூடி, 1066இல் பிரான்சிலிருந்து நார்மன்கள் வந்து நாட்டைப் பிடிப்பதற்கு முந்தைய சாக்சன் காலத்தது. ஓரத்தைச் சுற்றி லத்தீன் எழுத்துகள்: கிப்பிங்கின் மகன் ஏகல்வார்ட் இந்த இடத்தில் கிடத்தப்பட்டான், அவன் ஆன்மாவுக்காக வேண்டுபவன் பாக்கியவான். அது முடிந்ததும் கல்வெட்டியவன் தன் பெயரையும் வெட்டியிருக்கிறான்: "டோக்கி என்னை எழுதினான்." ஏகல்வார்ட் யார் என்று யாருக்கும் அக்கறையில்லை. எனக்கு டோக்கியைத்தான் பிடிக்கும்.

அங்கிருந்து வயல் வழியாக மூன்று மைல் போல நடந்தால் சில்செஸ்டர். ரோமானியர் காலத்தில் இதன் பெயர் கலேவா; அவர்கள் வருமுன்பே அட்ரிபாட்டீஸ் என்ற குடியினரின் ஊர். லண்டன், வின்செஸ்டர் போன்ற ரோமானிய ஊர்களின் மேல் பிற்காலத்து நகரங்கள் ஏறி உட்கார்ந்துவிட்டதால் அடியில் இருப்பதை எட்டிப் பார்ப்பதே கஷ்டம். கலேவா 5ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு மெல்ல ஆளற்றுப் போனது, அதன் மேல் எந்த நகரமும் எழவில்லை. கி.பி. 270 வாக்கில் எழுப்பிய மதில் ஒன்றரை மைல் சுற்றளவுக்கு ஏறக்குறைய முழு வட்டமாக இன்னும் நிற்கிறது, சில இடங்களில் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல். உள்ளே என்ன இருக்கிறது என்றால், புல். மாடுகள். முழு நகரமும் அந்தப் புல்லுக்கு அடியில் கிடக்கிறது. மழை பொய்த்த கோடையில் மேலிருந்து பார்த்தால், கல் பாவிய தெருக்களின் மேல் புல் வாடி, தெருக் கட்டம் அப்படியே கோடு கோடாகத் தெரியும்.

மதிலின் தெற்குப் பக்கத்தில் அதன் கட்டுமானத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். சிக்கிமுக்கிக் கல் சில வரிசை, பிறகு குறுக்கே தட்டையான கற்பலகைகள் ஒரு வரிசை, மறுபடி சிக்கிமுக்கி. அந்தப் பலகை வரிசைதான் சுவரைச் சரியாமல் பிடிக்கும் கட்டு. ஆனால் இங்கும் வெளிமுகம் போய்விட்டது, மடத்தில் பார்த்த அதே கதை, எட்டு நூற்றாண்டு மூத்த சுவரில். கிழக்கு ஓரத்தில், மதிலை ஒட்டியே, இடைக்காலத்துச் சின்ன சர்ச் ஒன்று. ரோமானியக் கோயில்கள் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. மதிலுக்கு வெளியே வடகிழக்கில் மரங்கள் சூழ்ந்த அரங்கம், சில ஆயிரம் பேர் உட்கார்ந்து பார்த்த இடம். சனிக்கிழமை காலையில்கூட அங்கே உங்களைத் தவிர நாய் நடத்துபவர் ஒருவர் இருந்தால் அதிகம். கட்டணம் இல்லை, கதவும் இல்லை. மதிய உணவுக்கு ஊரில் கலேவா ஆர்ம்ஸ் என்ற பப் இருக்கிறது. கிராமத்து பப்புகளில் மதியச் சமையலைச் சீக்கிரமே நிறுத்திவிடுவார்கள், நம் வழக்கப்படி மூன்று மணிக்குப் போனால் சிப்ஸ் பாக்கெட்தான் கிடைக்கும்.

இங்கே தோண்டி எடுத்தவை பலவும் ரெடிங் மியூசியத்தில் இருக்கின்றன. 1866இல் கிடைத்த வெண்கலக் கழுகைத் தேடிப் பாருங்கள். ஒரு சாண் அளவுதான், சிறகுகள் இல்லை. ரோமானியப் படையணியின் கொடிக்கழுகு என்று ரொம்பக் காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்; ஏதோ ஒரு சிலையோடு சேர்ந்த உறுப்பு என்பதுதான் இப்போதைய முடிவு. முதலில் நடந்துவிட்டு, பிறகு மியூசியம் போவது நல்லது. வெறும் கண்ணாடிப் பெட்டியில் ஓட்டாஞ்சில்லைப் பார்ப்பதற்கும், அது கிடந்த புல்வெளியை மிதித்துவிட்டு வந்து பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம்.

வரைபடம் பற்றி. பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசை, 1:25,000 அளவு, ஆரஞ்சு அட்டை. காகிதமோ செயலியோ, ஏதோ ஒன்று கட்டாயம் வேண்டும்; கூகுள் மேப்ஸை நம்பி வயலில் இறங்காதீர்கள், அதற்குப் பாதைகள் சரியாகத் தெரியாது. எக்ஸ்ப்ளோரரில் பச்சைப் புள்ளிக்கோடு என்றால் பொதுப் பாதை. அது தனியார் நிலத்தின் நடுவே, கோதுமைக்குள்ளேயே போனாலும் நடக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. நம்மவர்கள் இதில்தான் தயங்குவார்கள், யாராவது வந்து விரட்டுவார்களோ என்று. விரட்ட முடியாது. மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு, நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. அதே வரைபடத்தில் பழைய காலத்து இடங்களை அலங்கார கோதிக் எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எழுத்தை மட்டும் தேடிக்கொண்டே போனால் உங்கள் வீட்டிலிருந்து பத்து மைலுக்குள் மண்மேடு, அகழி, கோட்டை என்று ஏதாவது தட்டுப்படும்.

இன்னும் ஆழமாகப் போக இரண்டு இலவச வழிகள். ஸ்காட்லாந்தின் தேசிய நூலகம் இங்கிலாந்துக்கும் சேர்த்து 19ஆம் நூற்றாண்டு ஆர்டினன்ஸ் சர்வே தாள்களை இணையத்தில் வைத்திருக்கிறது. பழைய தாளை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் போட்டு மெல்ல மங்கவிட்டுப் பார்க்கலாம். உங்கள் அடுக்குமாடி எந்தச் செங்கல் சூளையின் மேல் நிற்கிறது என்பதுவரை தெரியும், பொழுது போவதே தெரியாது. மற்றது, பழைய இடங்களைக் காக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து பராமரிக்கும் பாரம்பரியப் பட்டியல். சுமார் 4 லட்சம் பதிவுகள், பேராலயம் முதல் மைல்கல், சிவப்புத் தொலைபேசிக் கூண்டு வரை. வரைபடத்தில் ஒரு புள்ளியைத் தட்டினால் அந்தச் சுவரின் காலம், கல், திருத்தங்கள் எல்லாம் ஒரு பத்தியில் இருக்கும்.

கிராமத்துச் சர்ச்சுகளைத் தவறவிடாதீர்கள். இங்கிலாந்து திருச்சபைக்கு மட்டும் 16,000 போல இருக்கின்றன, பகலில் பெரும்பாலும் திறந்தே இருக்கும், நீங்கள் எந்த மதமானாலும் யாரும் கேட்கமாட்டார்கள். கதவின் கனமான இரும்பு வளையத்தைத் திருப்பித் தள்ள வேண்டும். திருப்பாமல் தள்ளிவிட்டுப் பூட்டியிருக்கிறது என்று திரும்பிப் போகிறவர்கள் நிறைய. உள்ளே வளைவு அரைவட்டமாக இருந்தால் நார்மன் காலம், அதாவது சுமார் 1200க்கு முன். கூர்மையாக இருந்தால் அதற்குப் பின். வெளியே தெற்குச் சுவரில், வாசலுக்குப் பக்கத்தில், ஆணியால் கீறியது போல அரைவட்டமும் நடுவில் ஒரு துளையும் தெரிந்தால் அது இடைக்காலத்துச் சூரியக் கடிகாரம்; துளையில் குச்சியைச் செருகி நிழலைப் பார்த்துப் பூசைக்கு மணி அடித்தார்கள். தாழ்வாரத்தில் ஊர்க்காரர் யாரோ எழுதிய கையேடு ஒன்றிரண்டு பவுண்டுக்கு இருக்கும். வாங்குங்கள். எந்தப் பெரிய புத்தகத்திலும் இல்லாத விஷயம் அதில்தான் இருக்கும்.

அடுத்து ஏவ்பரி, பெருங்கற்களை வட்டமாக நட்ட இடத்துக்குள் இருக்கும் கிராமம். ஸ்விண்டன் வரை ரயில், அங்கிருந்து டிவைசஸ் போகும் பஸ் கல்வட்டத்துக்குள்ளேயே கொண்டுபோய் விடும். ஸ்டோன்ஹெஞ்சில் கயிறு கட்டித் தள்ளி நிறுத்துகிறார்கள், டிக்கெட்டும் கொள்ளை விலை. ஏவ்பரியில் கல்லைத் தொடலாம், சாய்ந்து உட்காரலாம், கல்லுக்கு நடுவே ஆடு மேயும், பப் இருக்கும், பஸ் போகும். உலகிலேயே மிகப் பெரிய கல்வட்டம் இது, வயது 4,500 ஆண்டுக்குக் குறையாது. ஸ்டோன்ஹெஞ்ச் ஒரு நினைவுச்சின்னம், ஏவ்பரி ஒரு ஊர். எனக்கு ஊர்தான் பிடிக்கும்.

இங்கேயும் நம் கேள்வி வேலை செய்யும். பழம்பொருள் ஆய்வாளர் ஜான் ஆப்ரி 1649இல் வேட்டைக்கு வந்தபோது இதைக் கண்டு வியந்தார். 1720களில் அதே துறைக்காரரான வில்லியம் ஸ்டூக்லி வந்து அளந்து வரைந்துகொண்டிருந்தபோது, ஊர்க்காரர்கள் அவர் கண்ணெதிரே உடைத்துக்கொண்டிருந்தார்கள். குழி வெட்டி, கல்லைச் சாய்த்து, அடியில் வைக்கோல் போட்டு எரித்து, சூடேறியதும் தண்ணீர் ஊற்றி, சம்மட்டி அடி. அந்தத் துண்டுகள் அங்கேயே வீட்டுச் சுவர்களில் இருக்கின்றன; தெருவில் நடக்கும்போது சாம்பல் நிறச் சுவர்களைப் பாருங்கள், புதிர் விடுபடும். பிறகு 1930களில் டண்டீ மார்மலேட் வியாபாரக் குடும்பத்து அலெக்ஸாண்டர் கீலர் ஊரின் பெரும்பகுதியை வாங்கி, விழுந்த கற்களைத் தூக்கி நிறுத்தினார். காணாமல் போனவற்றின் இடத்தில் சின்ன கான்கிரீட் தூண்களை நட்டார். வட்டத்துக்குள் இருந்த வீடுகள் பலவற்றை அதற்காக இடிக்கவும் செய்தார். இன்று நாம் ரசிக்கும் அந்த விசாலமான புல்வெளி அப்படி வந்ததுதான், அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. 1938இல் ஒரு கல்லை எடுத்தபோது அடியில் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது; கூடவே கத்தரிக்கோல், அறுவைக் கருவி, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து நாணயங்கள். நாவிதரும் வைத்தியருமான ஒருவர் என்று சொல்கிறார்கள். இடைக்காலத்திலும் இந்தக் கற்களைச் சாய்த்துப் புதைத்திருக்கிறார்கள் என்பதற்கு அந்தக் காசுகளே சாட்சி.

கால் ஒத்துழைத்தால் அங்கிருந்து தெற்கே நடந்து வெஸ்ட் கென்னட் நீள்மேட்டுக்குப் போகலாம். கி.மு. 3650 வாக்கில் கட்டிய கல்லறை, உள்ளே நுழைந்து அறை அறையாகப் பார்க்கலாம், காவலாளிகூடக் கிடையாது. வழியில் சில்பரி ஹில், மனிதர் குவித்த, 30 மீட்டருக்கு மேல் உயர்ந்த மண்மேடு. ஏறக்கூடாது, ஏறுபவர்களைப் பார்த்து நீங்களும் ஏறாதீர்கள்.

சென்னைத் தொடர்பு உள்ள இடம் ஒன்று வேண்டுமா? சாலிஸ்பரி ரயில் நிலையத்திலிருந்து பஸ்ஸிலோ நடந்தோ ஓல்ட் சேரம் போங்கள். இரும்புக் காலத்து மண்கோட்டை, அதற்குள் நார்மன் கோட்டை, பக்கத்தில் 1092இல் அர்ப்பணித்த பேராலயம். மேட்டில் காற்றும் தண்ணீர்ப் பஞ்சமும், கோட்டைச் சிப்பாய்களோடு தகராறும் பொறுக்காமல், 1220இல் பாதிரிமார்கள் கீழே சமவெளியில் புதுப் பேராலயத்துக்கு அடித்தளம் போட்டார்கள். பழைய பேராலயத்தின் கல் எங்கே? சாலிஸ்பரியில் பேராலய வளாகத்தின் மதிலைப் பாருங்கள். தெருப்பக்கம் நடந்தாலே செதுக்கு வேலை உள்ள நார்மன் கற்கள் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் செருகியிருப்பது தெரியும்.

ஊர் காலியானாலும் ஓல்ட் சேரத்துக்கு நாடாளுமன்றத்தில் இரண்டு இடங்கள் 1832 வரை இருந்தன. நிலம் யாருடையதோ, உறுப்பினர் அவர் ஆள். அந்த நிலத்தை வாங்கியவர்களில் ஒருவர் தாமஸ் பிட், 1698 முதல் 1709 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். மதராஸில் இருந்தபோது கோல்கொண்டா வைரம் ஒன்றை வாங்கி, 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்குப் பெரும் லாபத்தில் விற்றவர். அது இப்போது பாரிஸில் லூவரில் இருக்கிறது. ஓல்ட் சேரத்தின் அடியிலுள்ள ஸ்ட்ராட்ஃபர்ட் சப் காஸில் கிராமத்துச் சர்ச்சின் கோபுரத்தை நிமிர்ந்து பாருங்கள்: கொடையாளர் தாமஸ் பிட் என்று பெரிய எழுத்தில், 1711. மதராஸிலிருந்து திரும்பிய கையோடு கட்டிக் கொடுத்தது. பிட்டின் பேரனும் கொள்ளுப்பேரனும் பிரிட்டனின் பிரதமர்கள்; பேரன் முதன்முதலில் நாடாளுமன்றத்துக்குள் போனதே ஆளில்லாத இந்த ஓல்ட் சேரத்தின் உறுப்பினராகத்தான்.

இந்தியப் பணம் லாபமாக இல்லாமல் கொடையாக வந்த இடமும் உண்டு: ஆக்ஸ்ஃபோர்ட்‌ஷையரில் ஸ்டோக் ரோ. காசியின் மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங் அங்கே ஒரு கிணறு வெட்டிக் கொடுத்தார். சுண்ணாம்பு மலைமேல் தண்ணீர் நிற்காது. கோடையில் குளம் வற்றினால் ஊர் தவிக்கும். இந்தியாவில் உயர் அதிகாரியாக இருந்த எட்வர்ட் ரீட் இந்தப் பகுதிக்காரர். ஆசம்கரில் தாம் கிணறு வெட்டிய கதையோடு, சொந்த ஊரில் கடைசி வாய்த் தண்ணீரைக் குடித்துவிட்ட பையன் அடிவாங்கிய கதையையும் மகாராஜாவிடம் சொல்லியிருந்தார். 1864இல் கிணறு திறந்தது. அகலம் 4 அடி, ஆழம் 368 அடி, முழுவதும் கையால் தோண்டியது. லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயத்தின் உயரத்தைவிட அதிகம். மேலே இந்தியப் பாணிக் குவிமாடம், இறைக்கும் எந்திரத்தின் மேல் ஒரு யானை, பக்கத்தில் காவல்காரருக்கு எண்கோண வீடு, பராமரிப்புச் செலவுக்கு ஒரு செர்ரித் தோட்டம். இங்கே மட்டும் கல் எங்கும் போகவில்லை. பஸ் மிகக் குறைவு, நேரம் பார்க்காமல் கிளம்பாதீர்கள். நாலு பேர் சேர்ந்தால் ஹென்லியிலிருந்து டாக்ஸி வசதி.

பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் ட்ரஸ்ட் போன்ற அறக்கட்டளைகளின் உறுப்பினர் அட்டை எடுக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். கார் இல்லாத வரை வேண்டாம் என்பேன். நேஷனல் ட்ரஸ்ட் மாளிகைகள் பலவும் ரயில் நிலையத்திலிருந்து எட்டாத தூரம். மேலே சொன்னவற்றில் முக்கியமானவை இலவசம். செப்டம்பரில் ஹெரிட்டேஜ் ஓபன் டேஸ் என்று சில நாட்கள், சாதாரணமாகப் பூட்டிக் கிடக்கும் இடங்களையும் இலவசமாகத் திறந்துவிடுவார்கள், அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரிலிருந்து மார்ச் வரை பாதைகள் வெறும் சேறு, ஸ்போர்ட்ஸ் ஷூ தாங்காது. கன்றோடு நிற்கும் மாட்டுக்கு நடுவில் போகாதீர்கள், சுற்றிப் போங்கள். நம்மூர் மாடு மாதிரி சாது என்று நினைக்க வேண்டாம். திறந்த கேட்டைத் திறந்தபடி, மூடிய கேட்டை மூடி விட்டுச் செல்லுங்கள். சில்செஸ்டரில் ஓட்டுத்துண்டு கண்ணில் பட்டாலும் எடுக்காதீர்கள். சட்டப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் அனுமதியில்லாமல் மெட்டல் டிடெக்டர் பயன்படுத்துவதே குற்றம்.

அம்மாவின் முழங்காலுக்குச் சில்செஸ்டர் நடை சரிப்படாது, வழியில் வேலிகளை ஏறிக் கடக்கும் மரப்படிகள் வரும். மதிலையும் சர்ச்சையும் மட்டும் பார்ப்பதானால் மார்ட்டிமரிலிருந்து டாக்ஸி முன்பதிவு செய்துகொள்ளுங்கள், நிலைய வாசலில் டாக்ஸி நிற்காது. பெற்றோரோடு போக ஏவ்பரிதான் என் தேர்வு: பஸ்ஸில் இறங்கியதும் கல், உட்கார இடம், கழிப்பறை, டீ எல்லாம் எட்டும் தூரத்தில். வட்டத்தைச் சுற்றிய மண்மேட்டில் அம்மாவை ஏற்ற வேண்டாம், புல் வழுக்கும்; கீழேயே கற்களை ஒட்டி நடந்தால் போதும். வெஸ்ட் கென்னட்டுக்கு அப்பாவை மட்டும் கூட்டிப் போய்விட்டு வாருங்கள். திரும்பும் பஸ் நேரத்தைப் போகும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு.